எல்லா டீசல் ஆயிலும் ஒன்றல்ல, தம்பி

வாகனம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்ல, பி.எஸ்.6 என்ற புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வேன் வாங்கியிருக்கிறேன். முன்பிருந்த பி.எஸ்.3 வேனுக்கு 15டபிள்யூ-40, சிஐ-4 ஆயில்தான் ஊற்றினேன். ஒரு குறையும் வைக்கவில்லை. இப்போது சர்வீஸ் சென்டரில் கூடுதல் விலைக்கு வேறு ஆயில் சொல்கிறார்கள். கடைக்காரரோ, "டீசல் ஆயில் எல்லாம் ஒன்றுதான், பழையதையே ஊற்றுங்கள்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது ஐயா?
– வாசகர், ராஜபாளையம்

பதில்: இருவர் பேச்சும் வேண்டாம் தம்பி. வண்டியோடு கொடுத்த கையேட்டைப் பாருங்கள். பெரும்பாலும் அது பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் டேஷ்போர்டு பெட்டிக்குள் இன்சூரன்ஸ் நகலுக்கு அடியில் கிடக்கும். ஆயில் பற்றிய பக்கத்தில் இரண்டு விவரங்கள் இருக்கும். 5டபிள்யூ-30, 15டபிள்யூ-40 என்பவை ஆயிலின் கெட்டித்தன்மை. ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு) சிகே-4, ஏசியா (ஐரோப்பிய வண்டிக் கம்பெனிகளின் சங்கம்) சி3 போன்றவை, அல்லது வண்டிக் கம்பெனியே கொடுக்கும் எண், அதன் தரம். நம் ஆட்கள் முதலாவதைப் பார்த்ததும் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் வண்டிக்கு வினை இரண்டாவதில் இருக்கிறது.

பி.எஸ்.3 காலத்து டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 350 பங்கு வரை இருக்கலாம். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் கிடைக்கும் பி.எஸ்.6 டீசலில் அது 10 பங்குதான். கந்தகம் எரிந்தால் அமிலம் உண்டாகும். அதை முறிப்பதற்காகப் பழைய ஆயில்களில் கால்சியம், மெக்னீசியம் கலந்த காரப் பொருட்களைத் தாராளமாகச் சேர்த்தார்கள். எஞ்சினுக்குள் கொஞ்சம் ஆயில் எரிவது சகஜம். அப்போது இந்தப் பொருட்கள் சாம்பலாகும். பழைய வேனில் அந்தச் சாம்பல் புகையோடு சைலன்சர் வழியாகப் போய்விட்டது. புது வேனில் வழியை மறித்துக்கொண்டு டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டி நிற்கிறது. அதில் சேரும் கரியை வண்டியே சுமார் 600 டிகிரி வெப்பத்தில் எரித்துவிடும். அடுப்பில் விறகு எரிந்து தீர்ந்தாலும் சாம்பல் மிஞ்சுகிறதல்லவா, அதுபோல ஆயில் சாம்பல் வடிகட்டியிலேயே தங்கி, நாளடைவில் அடைத்துக்கொள்ளும். புது வடிகட்டியின் விலையை ஒருமுறை விசாரித்துவிட்டு, பிறகு ஆயிலில் மிச்சம் பிடிப்பதைப் பற்றிப் பேசுங்கள்.

சிஐ-4 என்பது 2002ஆம் ஆண்டுத் தரம், இந்த வடிகட்டியை மனத்தில் வைத்து வந்ததல்ல. சிகே-4இல் சாம்பல் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஏசியா சி3இல் 0.8தான். கையேடு சி3 கேட்டால், சிகே-4 என்று மட்டும் போட்டிருக்கும் டப்பாவைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

டப்பாவின் முன்பக்கம் வெறும் விளம்பரம். பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். அங்கே 'எம்பி அப்ரூவல் 228.51' என்பது போல இருந்தால், பென்ஸ் கம்பெனி அந்த ஆயிலுக்குத் தானே ஒப்புதல் கொடுத்திருக்கிறது என்று பொருள். 'இன்ன தரத்துக்கு ஏற்றது' என்று மட்டும் இருந்தால், அது ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கொள்வது. பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை, ஆனாலும் வாரண்டி முடியும்வரை ஒப்புதல் பெற்றதையே ஊற்றுங்கள். பில்லில் ஆயிலின் பெயரும் தரமும், ஓடிய கிலோமீட்டரும் இருக்கட்டும். "ஆயில் – 1" என்று கிறுக்கிக் கொடுக்கும் துண்டுச்சீட்டு வாரண்டிக்கு உதவாது. ஊற்றி முடித்ததும் காலி டப்பாவைக் கத்தியால் கிழித்துவிடுங்கள். கிழியாத காலி டப்பாவைக் காசு கொடுத்து வாங்கக் கலப்பட ஆயில்காரர்கள் காத்திருக்கிறார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றும் சொல்ல வேண்டும். பள்ளி வேன் தெருவுக்குத் தெரு நின்று போகும் வண்டி. வடிகட்டி கரியை எரிக்கும் நேரத்தில் பல வண்டிகள் சிலிண்டருக்குள் கூடுதல் டீசலைப் பீய்ச்சும். எரித்து முடிப்பதற்குள் நீங்கள் எஞ்சினை அணைத்தால், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் டீசல் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்கும். ஆகவே வாரம் ஒருமுறை, வண்டி சமதரையில் நிற்கும்போது, எஞ்சின் ஆறிய பிறகு, அளவுக்குச்சியை உருவித் துடைத்துப் பாருங்கள். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால், "அட, குறையவே இல்லையே" என்று மகிழ வேண்டாம். மோந்து பாருங்கள், டீசல் வாடை அடிக்கும். கிலோமீட்டர் கணக்கு பாக்கி இருந்தாலும் அந்த ஆயிலை மாற்றிவிட வேண்டும். விடுமுறை நாளில் வண்டியை நாற்கரச் சாலையில் அரைமணி நேரம் நிற்காமல் ஓட்டி வந்தால், இந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

கேள்வி: ஆயில் மாற்றி இரண்டே நாளில் கறுத்துவிட்டது. மட்டமான ஆயிலா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: இல்லை அம்மா. டீசல் எஞ்சினில் கரியைத் தன்னோடு சுமந்துகொள்வது ஆயிலின் வேலை, கறுக்கத்தான் செய்யும். குச்சியில் மோர் போல வெளுத்து வந்தால் மட்டும் வண்டியை எடுக்காதீர்கள். கூலண்ட் ஆயிலில் கலக்கிறதா என்று மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்துப் பாருங்கள்.