சீட்டைக் கொஞ்சம் உயர்த்துங்கள்

கேள்வி: அலுவலகம் 8 கிலோமீட்டர். மூன்று வாரமாகச் சைக்கிளில் போகிறேன். போய்ச் சேரும்போது சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. முழங்காலில் முன்பக்கம் வலி வேறு. விட்டுவிடலாமா?

பதில்: விடுவதற்கு முன் சீட்டின் உயரத்தைப் பாருங்கள். சிக்னலில் இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும் என்று பலர் சீட்டைத் தாழ்த்தியே வைத்திருக்கிறார்கள். நானும் அப்படி ஒரு வருடம் ஓட்டிவிட்டு, வயதாகிவிட்டது என்று முழங்காலைத் திட்டிக்கொண்டிருந்தேன். பாவம், அது என்ன செய்யும்?

சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு உட்காருங்கள். பெடலை அடிவரை இறக்கி அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் மடங்காமல் நேராக இருந்தால் உயரம் சரி. முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கும். அந்த மடிப்புதான் வேண்டும். மிகத் தாழ்வாக இருந்தால் ஒரே நாளில் ஏற்றிவிடாமல், சிறிது சிறிதாக உயர்த்துங்கள். அதன் பிறகும் வலி நீடித்தால் மருத்துவரிடம் போங்கள். எனக்குத் தெரிந்தது சைக்கிள் மட்டும்தான்.

வியர்வைக்கு முதல் குற்றவாளி முதுகுப் பை. அதைக் கழற்றிக் கேரியரில் கட்டுங்கள். அடுத்தது வேகம். மணிக்கு 20 கிலோமீட்டரில் போனால் 24 நிமிடம், 16 கிலோமீட்டரில் போனால் 30 நிமிடம். மிச்சம் பிடித்த 6 நிமிடத்தையும் மின்விசிறிக்கு அடியில் நின்றே செலவழிப்பீர்கள். மூன்றாவது, காற்று குறைந்த டயர். பஞ்சர் இல்லாவிட்டாலும் டியூபிலிருந்து காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். எவ்வளவு அடிக்கலாம் என்று டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். வாரம் ஒருமுறை பாருங்கள்.

ஓடும்போது எதிர்க்காற்று உலர்த்திவிடும் வியர்வை, வண்டி நின்றதும்தான் பெருகும். ஆகவே கடைசி ஒரு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டுங்கள். இறங்கியவுடன் அலுவலகச் சட்டைக்கு மாறாதீர்கள். பத்து நிமிடம் பொறுங்கள்.

கேள்வி: மழையில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. கட்டையை மாற்ற வேண்டுமா?

பதில்: தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். ஆனால் ரிம்மைப் பிடிக்கும் பிரேக்காக இருந்தால், புதுக் கட்டையும் முதலில் நீரைத்தான் துடைக்கும். அதன் பிறகே சக்கரத்தைப் பிடிக்கும். நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகுமுன்பே லேசாக அழுத்தத் தொடங்குங்கள். சாலையில் உள்ள இரும்பு மூடிகளையும் பெயின்ட் கோடுகளையும் ஈரத்தில் நேராகக் கடந்துவிட வேண்டும். அவற்றின்மேல் திரும்பவும் கூடாது, பிரேக் போடவும் கூடாது. பாதசாரிகள் கடக்கும் வெள்ளைக் கோட்டில், பாதசாரிகள் பார்த்திருக்கும்போதே விழுந்து நான் கற்ற பாடம் இது.

கேள்வி: எந்தச் சக்கரத்தில் பூட்டுவது?

பதில்: சக்கரத்தில் மட்டும் என்றால் எதிலும் வேண்டாம். சட்டத்தையும் பின்சக்கரத்தையும் சேர்த்து, அசைக்க முடியாத கம்பத்தோடு பூட்டுங்கள். முன்சக்கரத்தை மட்டும் பூட்டிவிட்டுப் போன என் நண்பரிடம் இன்று அந்த முன்சக்கரம் பத்திரமாக இருக்கிறது.