மரவேலை கேள்வி – பதில்: உப்புக் காற்றும் உளியும்

வீட்டு மரவேலை பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தொண்டி, மண்டபம், கீழக்கரை என்று ராமநாதபுரம் கடலோரத்திலிருந்து வந்தவை. அதனால் பதில்களும் அந்தக் காற்றுக்கு ஏற்றபடியே இருக்கின்றன.

நாற்பது சாமான் கொண்ட கிட் பெட்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஸ்டூல், அலமாரி மாதிரி சின்ன வேலைகள்தான் செய்யப்போகிறேன். வாங்கலாமா?
– வாசகர், மண்டபம்

வேண்டாம். அந்த நாற்பதில் முப்பது ஸ்பேனரும் பிட்டும்தான். உளி என்று உள்ளே இருப்பது பெயின்ட் டப்பா திறக்கத்தான் உதவும். அந்தப் பணத்துக்குத் தனித்தனியாக வாங்குங்கள்: கால், அரை, ஒரு அங்குல உளி மூன்று, அங்குலத்துக்கு 8 முதல் 10 பல் உள்ள கைரம்பம் ஒன்று, இழைப்புளி ஒன்று, மூலைமட்டம், டேப், 4 அங்குல சி கிளாம்ப் நான்கு, 10 மி.மீ. சக் (பிட்டைக் கவ்வும் வாய்) உள்ள ட்ரில், கொட்டாப்புளி. இவற்றோடு சொரசொர முகமும் நைஸ் முகமும் கொண்ட ஒரு தீட்டுக்கல். பட்டியலில் எதைக் குறைத்தாலும் இந்தக் கல்லைக் குறைக்காதீர்கள். கடையிலிருந்து வரும் உளி எதுவும் கூராக வருவதில்லை.

மூலைமட்டத்தைக் கடையிலேயே சோதிக்கலாம். நேரான விளிம்புள்ள ஒரு பலகையில் வைத்து ஒரு கோடு இழுங்கள். மட்டத்தைத் திருப்பிப் போட்டு அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாகப் படிந்தால் எடுத்துக்கொள்ளலாம். வி எழுத்துப்போல விரிந்தால் அடுத்ததைக் கேளுங்கள்.

உளி தீட்டும்போது சரிவு முகத்தில் மார்க்கரால் மை தடவி, கல்லில் இரண்டு தேய்ப்பு தேய்த்துப் பாருங்கள். முனை ஓரத்தில் மை அப்படியே இருந்தால் கையைத் தாழ்வாகப் பிடிக்கிறீர்கள், கூர் ஏறவே ஏறாது, கொஞ்சம் உயர்த்துங்கள். பின்பக்கம் விரலை வெளிப்புறமாக இழுத்தால் மெல்லிய பிசிறு தட்டுப்பட வேண்டும். பிசிறு தட்டுப்பட்டதும் நைஸ் முகத்துக்கு மாற்றுங்கள். பிறகு உளியின் முதுகைக் கல்லில் தட்டையாகப் படுக்க வைத்து ஐந்தாறு தேய்ப்பு, பிசிறு போய்விடும். தேக்குக்கு 25 டிகிரி சரிவு போதும். காய்ந்த வேம்பிலும் கருவேலத்திலும் அந்த முனை உதிரும்; 30 டிகிரிக்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் மரத்தூளைத் துடைத்துவிட்டுத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு பூச்சு. உளியைச் சாக்கில் சுற்றி வைக்காதீர்கள். சாக்கு ஈரத்தை இழுத்து இரும்போடு ஒட்டவைத்துக் காலையில் துருவாகத் தரும். கட்டை உடம்புள்ள பழைய இழைப்புளி கிடைத்தால் விடாதீர்கள். துருப்பிடிப்பது அதன் அலகு மட்டும்தான். மழைக்காலத்தில் அலகை இறுக்கிப் பிடிக்கும் மர ஆப்பு உப்பி இறுகும். வேலை இல்லாத நாளில் ஆப்பைத் தளர்த்தி வையுங்கள்.

துணி காயப்போடும் மர ஸ்டாண்டில் போட்ட கறுப்பு ஸ்குருக்கள் ஆறே மாதத்தில் துரு வடிந்து துணியெல்லாம் கறை. எதைப் போடுவது?
– வாசகி, தொண்டி

அந்தக் கறுப்பு ஸ்குரு வீட்டுக்குள் ஜிப்சம் பலகை அடிக்க வந்தது. மேலே இருப்பது மெல்லிய பாஸ்பேட் பூச்சு; கடல் காற்றுக்கு அது தாங்காது. மரமும் இதில் கூட்டாளி. கருவேலம் போன்ற துவர்ப்புள்ள மரங்களில் இரும்பு பட்டால் சுற்றிலும் மைக்கறை போலக் கறுக்கும்.

வீட்டுக்குள் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும். முற்றத்துக்கும் மாடிக்கும் 316 கேளுங்கள். அதில் சேர்க்கும் மாலிப்டினம்தான் உப்பை எதிர்க்கிறது. கீல் வாங்கும்போது காந்தம் கொண்டுபோங்கள். இறுக்கமாக ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு அல்லது துருவுக்குத் தாங்காத மலிவு ஸ்டீல். ஆனால் 304-ஐயும் 316-ஐயும் காந்தத்தால் பிரிக்க முடியாது. அதற்குப் பெட்டியிலும் பில்லிலும் எழுதியிருப்பதைத்தான் பார்க்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் கீலில் இரும்பு ஸ்குரு போடுவது வீண். இரண்டும் தொட்டுக்கொண்டிருக்க, இரும்பு இன்னும் சீக்கிரம் அரிக்கும்.

8 நம்பர் ஸ்குருவுக்கு மேல் கட்டையில் 4.5 மி.மீ. துளை, கீழ்க் கட்டையில் கெட்டி மரமென்றால் 3 மி.மீ., மென் மரமென்றால் 2.5 மி.மீ. பித்தளை ஸ்குரு போடுவதாக இருந்தால், அதே அளவு ஸ்டீல் ஸ்குருவை முதலில் முழுக்க ஏற்றிக் கழற்றிவிடுங்கள். பிறகு பித்தளையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக் கையால் முறுக்குங்கள். நேரே ட்ரில்லில் ஏற்றினால் தலை கையோடு வந்துவிடும், தண்டு உள்ளேயே நிற்கும். சோப்பு தேய்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. சோப்பு ஈரத்தை இழுக்கும், மெழுகே நல்லது.

உடைத்த பழைய வள்ளத்தின் பலகைகள் கிடைத்திருக்கின்றன. திண்ணைக்கு பெஞ்சு செய்யலாமா?
– வாசகர், பாம்பன்

செய்யலாம், ஆனால் இந்த வருடம் உப்பைப் போக்கி அடுத்த வருடம் செய்யுங்கள். பல வருடம் கடலில் கிடந்த பலகைக்குள் உப்பு ஊறியிருக்கும். காய்ந்ததுபோலத் தெரியும், விடிகாலையில் தொட்டால் சில்லென்று கசியும். அதன்மேல் அடித்த வார்னிஷ் தோலாக உரியும். போர் தண்ணீரே உப்பாக இருக்கும் ஊரில் அதில் ஊறப்போட்டுப் பயனில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பலகைகளைக் கட்டை மேல் சாய்த்து, வாரம் ஒருமுறை திருப்பி நனையவிடுங்கள். தை பிறந்ததும் நிழலில் அடுக்குங்கள். காயும்போது வெள்ளைப் பூ பூத்தால் உப்பு இன்னும் இருக்கிறது என்று பொருள்.

அடுத்தது ஆணி. காந்தத்தை அங்குலம் அங்குலமாக ஓட்டி இரும்பாணியைப் பிடித்துவிடலாம். செம்பாணி காந்தத்தில் சிக்காது. மரத்தில் பச்சைக் கறை வட்டமாக இருக்கும் இடத்தைக் குத்திப் பாருங்கள். இழைப்புளி வைப்பதற்கு முன் பழைய உளி ஒன்றால் தாரையும் மணலையும் சுரண்டி எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஒரே இழுப்பில் அலகு போகும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காமல் ஈரப்படுத்திச் சுரண்டுங்கள், முகக்கவசம் கட்டாயம். எண்ணெயும் தாரும் ஏறிய மரத்தில் பசை பிடிக்காது. மூட்டுக்கு மூட்டு போல்ட் போடுங்கள்.

ஆங்கிள் கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடு மாட்டலாமா?
– வாசகர், ஏர்வாடி

கூடாது. 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்று ஓடும். பல் மரத்தில் சிக்கினால் மெஷின் கையை விட்டு உங்கள் பக்கம்தான் துள்ளும். கடைக்காரர் பிளேடு விற்கிறார் என்பதற்காக அது அந்த மெஷினுக்கானது ஆகிவிடாது.

வீட்டு வேப்பமரத்தை மில்லில் ஒரு அங்குலப் பலகையாக அறுத்துவிட்டோம். எப்போது வேலை தொடங்கலாம்? உளுத்துப்போகாமல் இருக்க என்ன செய்ய?
– வாசகி, கீழக்கரை

உளுப்புக்கு மருந்து இன்றே போட வேண்டும். பச்சை மரத்தில்தான் அது உள்ளே இறங்கும். 10 லிட்டர் வெந்நீரில் 300 கிராம் போராக்ஸ், 200 கிராம் போரிக் அமிலம் கரைத்து எல்லா முகங்களிலும் இரண்டு முறை பூசுங்கள். கையுறை போடுங்கள், குழந்தைகளை விலக்குங்கள். மழையில் கரைந்து போகும் மருந்து இது. வீட்டுக்குள் வைக்கும் சாமான்களுக்குத்தான். காய்கறி வெட்டும் பலகைக்கு இந்த மரத்தை எடுக்காதீர்கள்.

இரு முனைகளிலும் பழைய பெயின்ட் அடித்து, ஒன்றரை அடிக்கு ஒரு ரீப்பர் துண்டு வைத்து நிழலில் அடுக்குங்கள். ரீப்பர்கள் மேலும் கீழும் ஒரே நேரில் நிற்க வேண்டும். விலகினால் பலகை அலை அலையாக வளையும். மேலே பாரம் வையுங்கள். ஒரு சின்னப் பலகையை வாரம் ஒருமுறை தராசில் நிறுத்து எழுதி வாருங்கள். எடை குறைவது நின்ற பிறகுதான் வேலை. சும்மா மூன்று மாதம் என்று கணக்கு வைத்தால் மழை வந்த வருடத்தில் ஏமாறுவீர்கள்.

5 அடி உயரம், 3 அடி அகலம், 10 அங்குல ஆழத்தில் நான்கு தட்டு புத்தக அலமாரிக்கு எத்தனை கன அடி மரம்?
– வாசகர், தேவிபட்டினம்

பக்கப் பலகை 10 அடி, தட்டு 12 அடி, மொத்தம் 22 அடி நீளம். 22-ஐ 10 அங்குல அகலத்தாலும் ஒரு அங்குலக் கனத்தாலும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் 1.53. கழிவு சேர்த்து 2 கன அடி வாங்குங்கள். ஒரு அங்குலமாக அறுத்தது இழைத்தபின் முக்கால்தான் நிற்கும். 3 அடி நீளத்தில் முக்கால் அங்குலத் தட்டு புத்தகப் பாரத்தில் தொங்கும். முன் விளிம்பில் ஒன்றரை அங்குலச் சட்டம் ஒன்று ஒட்டிவிடுங்கள்.

பாலிஷ் போட்ட மறுநாள் மேசை பால் படிந்ததுபோல வெளுத்துவிட்டது. மட்டமான பாலிஷா?
– வாசகி, ராமேஸ்வரம்

பாலிஷ் மேல் தப்பில்லை. மழை ஈரத்தில் பூசியிருக்கிறீர்கள். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து சிக்கிக்கொள்கிறது. வெயிலான நாளில் அதே தின்னரை மெல்லியதாக ஒரு பூச்சு அடித்தால் பெரும்பாலும் தெளியும். இனி காலை பத்து மணிக்கு மேல், கடல்காற்று ஏறுவதற்கு முன் பூசுங்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் முன் நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். ஒரே இரவில் மேலே உப்பு படிந்திருக்கும்.