கிண்டியில் கிடைத்த இடத்தை விட்டுவிடலாமா? தருமபுரியிலிருந்து எழுதிய ஒரு தந்தைக்குப் பதில்

அன்புள்ள ஐயாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த உங்கள் மகளுக்கு, 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில், அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் சிவில் பிரிவு கிடைத்திருக்கிறது. அதை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே பேருந்தில் போய்வரக்கூடிய ஒரு தனியார் கல்லூரியில் நேரடியாகச் சேர்த்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். உங்கள் அண்ணன் மகன் சென்னைக்குப் படிக்கப் போய், அரியர் (தேறாமல் நிலுவையில் நிற்கும் பாடம்) மேல் அரியராகச் சேர்ந்து, மூன்றாம் ஆண்டில் படிப்பை விட்டு ஊர் திரும்பியதையும் எழுதியிருக்கிறீர்கள். அதைக் கண்ணெதிரே பார்த்த குடும்பத்தில் இந்தப் பயம் எழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இருந்தாலும் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள். முதல் பருவம் மட்டும் கடினமாக இருக்கும். அது எப்படிப்பட்ட கடினம் என்பதைத் தெரிந்துகொண்டு மகளை அனுப்புங்கள்.

செலவைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. இந்த ஒதுக்கீட்டில் சேரும் மாணவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் 2021 முதல் தமிழக அரசே ஏற்கிறது. கலந்தாய்வுக்கு வெளியே நேரடியாகச் சேர்த்தால் இந்தச் சலுகை கிடைக்காது என்பதை நினைவில் வையுங்கள். அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளின் உயர்கல்விக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் மகளின் வங்கிக் கணக்குக்கே வரும். வேறு உதவித்தொகை பெற்றாலும் இதைப் பெறத் தடையில்லை. கணக்கு மகளின் பெயரில் இருக்கிறதா, ஆதார் அதில் இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதை இப்போதே பார்த்துவிடுங்கள்.

"பெண் பிள்ளையைத் தனியாக எப்படி விடுதியில் விடுவது" என்று மகளின் தாயார் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். இதே கேள்வி அதே வளாகத்தில் எண்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுந்தது. பதினெட்டு வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு நின்ற லலிதா என்ற பெண், 1940இல் அங்கே மின் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். அப்போது கல்லூரியில் அவர் ஒருவர்தான் பெண். விடுதித் தனிமை அவரை வாட்டியது; பிற பெண்களையும் சேர்க்க வழி செய்யப்பட்டபின், லீலம்மா ஜார்ஜ், தெரசியா என்ற இருவர் சிவில் பிரிவில் வந்து சேர்ந்தார்கள். உங்கள் மகள் படிக்கப்போகும் அதே பிரிவில் படித்த தெரசியா, பிற்காலத்தில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார்; இந்தியாவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். இன்று அங்கே பெண்கள் விடுதிகளில் உங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளே இருப்பார்கள். சேர்க்கையின்போது ராகிங்கில் ஈடுபட மாட்டேன் என்ற உறுதிமொழியில் மாணவரும் பெற்றோரும் கையெழுத்திட வேண்டும். ராகிங் புகாருக்கான இலவசத் தேசிய எண் 1800-180-5522. அந்த எண்ணும் பெண்களுக்கான உதவி எண் 181-உம் மகளின் கைப்பேசியில் இருக்கட்டும். தாயாருக்கும் அவற்றைச் சொல்லிவையுங்கள்.

விடுதியைவிட எனக்குக் கவலை தருவது வகுப்பறைதான். உங்கள் மகளைப் போலவே தமிழ் வழியில் படித்து, பள்ளியில் முதலிடம் பெற்ற ஒரு மாணவி சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளி விடுமுறையில் என்னைப் பார்க்க வந்தார். முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வில் இயற்பியலில் நூற்றுக்கு முப்பத்தெட்டு. பள்ளியில் தொண்ணூறுக்குக் கீழே பார்த்தறியாதவர் அவர். விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். பாடம் தெரியாமல் இல்லை. ஒரு வாய்பாட்டை 'டிரைவ்' (derive) செய் என்று கேட்டிருந்த கேள்விக்கு, அந்த வாய்பாட்டை மட்டும் அழகாக எழுதிக் கட்டம் போட்டு வைத்திருந்தார். அதையே தமிழில் 'தருவி', அதாவது படிப்படியாக வருவித்துக் காட்டு, என்று கேட்டிருந்தால் இரண்டு பக்கம் எழுதியிருப்பார். பேராசிரியர் பாடம் நடத்தும் வேகத்தில் அந்தச் சொல் பலமுறை காதில் விழுந்திருக்கிறது. பக்கத்தில் இருப்பவரிடம் பொருள் கேட்கக் கூச்சம். நகரத்துப் பள்ளிகளில் ஆங்கிலத்தில் படித்து வந்தவர்கள் தலையசைத்துக்கொண்டு குறிப்பெடுக்கும்போது, தனக்கு மட்டும்தான் புரியவில்லை, தான் இந்த இடத்துக்குத் தகுதியில்லை என்று முடிவு செய்துவிட்டார். முதல் பருவத்தில் நம் பிள்ளைகளை உடைப்பது பெரும்பாலும் இந்தத் தவறான முடிவுதான். பாடத்தின் கடினம் அதற்கு அடுத்ததுதான்.

இதற்கு ஒரு முன்னேற்பாடு உண்டு. வகுப்பு தொடங்கும் முன் கையில் இருக்கும் வாரங்கள் அதற்குப் போதும். பிளஸ் டூ கணிதம், இயற்பியல் பாடநூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே வரிசையில் அச்சாகியிருக்கின்றன. அரசின் இணையதளத்தில் இலவசமாகவும் கிடைக்கின்றன. மகள் ஏற்கெனவே நன்றாகப் படித்த ஒரு பாடத்தைத் தமிழ் நூலில் திறந்து வைத்து, அதே பாடத்தை ஆங்கில நூலில் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும். வகைக்கெழு, தொகையீடு, உந்தம், விசை என்று தெரிந்த சொற்களுக்கெல்லாம் ஆங்கிலச் சொல்லை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வரட்டும். ஒரு நாளைக்கு ஐந்து பக்கம் போதும். அந்த மாணவி இதைத் தீபாவளிக்குப் பிறகுதான் தொடங்கினார். கணிதத்தில் மட்டும் ஓர் அரியரோடு அந்தப் பருவத்தைக் கடந்து, அடுத்த பருவத்திலேயே அதையும் முடித்துவிட்டார்.

மதிப்பெண் முறையும் பள்ளியிலிருந்து மாறுபட்டது. பல்கலைக்கழக வளாகக் கல்லூரிகளில் பெரும்பாலான பாடங்களுக்கு ஒப்பீட்டு முறையில் கிரேடு தருகிறார்கள். வகுப்பு முழுவதும் எப்படி எழுதியது என்பதை ஒட்டி ஒவ்வொருவரின் கிரேடும் அமையும். மாவட்டத்துக்கு மாவட்டம் முதலிடம் பெற்றவர்களே ஒரே வகுப்பில் உட்காரும்போது, யாராவது நடுவிலும் கடைசியிலும் இருந்துதான் ஆக வேண்டும். முதல் பருவத்தில் மகள் நடுவில் இருந்தால் அது தோல்வியாகாது. வீட்டில் யாரும் அதைத் தோல்வி என்று சொல்லிவிடக் கூடாது.

உங்கள் அண்ணன் மகனின் கதைக்கு வருகிறேன். அவரை எனக்குத் தெரியாது. ஆனால் அரியரோடு என்னிடம் வந்த பலரின் கதை ஒன்றுபோலவே இருந்தது. முதல் பருவத்தில் ஒரு பாடம் போகும். வீட்டில் சொன்னால் அப்பா உடைந்துபோவார் என்று மறைப்பார்கள். அடுத்த பருவத்தில் புதிய பாடங்களோடு பழைய பாடமும் சேரும். மனம் விட்டுப்போய் வகுப்புக்குப் போகாமல் இருப்பார்கள். வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியதும் தேர்வெழுதுவதே சிக்கலாகிவிடும். வளாக வேலைவாய்ப்புக்கு வரும் நிறுவனங்களில் பல, நிலுவையில் அரியர் இல்லாதவர்களையே தேர்வுக்கு அழைக்கின்றன. ஓர் அரியர் வந்த வாரமே வீட்டுக்குத் தெரிந்திருந்தால் இவற்றில் பெரும்பகுதி நடந்திருக்காது. ஆகவே நீங்கள் இப்போதே மகளிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: ஒரு பாடம் போனால் முதலில் அப்பாவுக்குத்தான் தெரிய வேண்டும், அதற்காக வீட்டில் ஒரு சொல்கூடக் கடிந்து வராது என்று. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது எத்தனை மார்க் என்று தொடங்காதீர்கள். இந்த வாரம் எந்தப் பாடம் புரியவில்லை, யாரிடம் கேட்டாய் என்று கேளுங்கள். ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆசிரியர் ஆலோசகராக இருப்பார். அவர் பெயரை முதல் மாதத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விருப்பப் பட்டியலில் தமிழ் வழி சிவில் பிரிவை முதலில் வைக்காமல் போனோமே என்று வருந்தியிருக்கிறீர்கள். சிவில், மெக்கானிக்கல் இரண்டிலும் 2010 முதல் அந்த வாய்ப்பு இருக்கிறது. பள்ளிமுதல் பட்டம்வரை தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு ஒதுக்கீடும் உண்டு. அதைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் நான் பாராட்டியிருப்பேன். கிடைத்திருப்பது ஆங்கில வழி என்பதால் பொதுப்பணித் துறைக்கும் நெடுஞ்சாலைத் துறைக்குமான தேர்வுகள் அடைபட்டுவிடவில்லை. பொதுப் போட்டியில் எழுதலாம். தனியார் நிறுவன நேர்காணல்களுக்கு இந்த நான்கு ஆண்டு ஆங்கிலப் பழக்கம் கைகொடுக்கும்.

நகரத்தில் படிப்பதால் என்ன பயன் என்ற உங்கள் கேள்விக்கு, சிவில் மாணவி என்பதால் விடை சொல்வது எளிது. 1794இல் எட்டு மாணவர்களோடு நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய அந்தக் கல்லூரியைச் சுற்றி, சுமார் 119 கிலோமீட்டர் நீளத்துக்கு மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணி திட்டமிடப்பட்டு நடந்து வருகிறது. பாடத்தில் படிக்கும் மண்ணியலைப் பேருந்து ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் இருக்கின்றன; ஃபுளோரைடு கலந்த நீரைக் குடித்துப் பல் கறையான உங்கள் பக்கத்து ஊர்களில், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முந்தைய காலத்தைப் பற்றிக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, அந்தப் படிப்பின் பொருள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் விளங்கும். கோட்டூர்புரத்தில், நடந்தே போகும் தூரத்தில், 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. விடுதி அறையில் படிக்க முடியாத நாட்களில் அங்கே போய் உட்காரும் மாணவர்கள் பலர். மூத்த மாணவர்களோடு மாலையில் பேசும் பேச்சில்தான் எந்தத் தேர்வுக்கு எப்போது தயாராக வேண்டும் என்பது தெரியவரும். தினமும் மாலைப் பேருந்தைப் பிடிக்க ஓடும் மாணவிக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை.

ஒதுக்கீட்டைக் குறித்த நாளுக்குள் இணையத்தில் உறுதி செய்யுங்கள்; நாள் தவறினால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றின் அசலையும் நான்கு நகல்களையும் தனி உறையில் வைத்துக்கொள்ளுங்கள். சேர்க்கைக்கு மகளின் தாயாரையும் கட்டாயம் அழைத்து வாருங்கள். அன்றிரவுப் பேருந்துக்கு அவசரப்படாமல், விடுதியிலிருந்து வகுப்பறை வரைக்கும், வகுப்பறையிலிருந்து உணவுக்கூடம் வரைக்கும் மூவரும் ஒருமுறை சேர்ந்து நடந்து பாருங்கள். பிறகு ஊரில் இருந்துகொண்டு மகள் இப்போது எங்கே இருப்பாள் என்று தாயார் நினைக்கும்போது, அந்த இடம் அவர் கண்ணில் தெரியும்.