அம்ப்ளிபயருக்கு வாங்கிய பவர் கேபிள்: பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: கல்லடியில் இருக்கிறேன். என்னிடம் பழைய ஸ்டீரியோ அம்ப்ளிபயர் ஒன்று உண்டு. அதற்குப் பொருத்தமான பவர் கேபிள் வேண்டும் என்று மட்டக்களப்பு நகரில் ஒரு கடையில் கேட்டேன். கடைக்காரரே ஒன்றை எடுத்துத் தந்தார். சத்தம் தெளிவாகும், கரண்ட் கூடிக் குறைந்தாலும் அம்ப் பழுதாகாது என்று வட்ஸ்அப்பிலும் எழுதியிருந்தார். விலை 38,500 ரூபா. பிளக் தட்டைக் கால் உள்ளது என்பதால் ஒரு அடப்டரும் தந்தார். வாங்கி ஏழு கிழமை ஆகிறது. சத்தத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. போன கிழமை அடப்டர் கருகி மணத்தது, அம்பின் இரும்பு உடலைத் தொட்டால் கை விறுவிறுக்கிறது. கடையில் போய்க் கேட்டால், பற்றுச்சீட்டின் அடியில் உள்ள 'விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது' என்ற வரியைக் காட்டுகிறார். என்ன செய்யலாம் ஐயா?

பதில்: முதலில் அந்தக் கேபிளைச் சுவரிலிருந்து கழற்றி வையுங்கள். இன்றைக்கே. தொட்டால் விறுவிறுக்கிறது என்றால் அம்பின் உடலுக்கு எர்த் கிடைக்கவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். இப்படிப்பட்ட அடப்டர்கள் பலவற்றில் எர்த் இணைப்பே இருப்பதில்லை. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதற்குக் காத்திருக்கவே கூடாது. ஆனால் கேபிளை வெட்டி வேறு பிளக் பூட்டிவிடாதீர்கள், கருகிய அடப்டரை எறிந்துவிடாதீர்கள். அவைதான் உங்கள் சாட்சி.

அடுத்து, உங்கள் முறைப்பாட்டை எதன் மேல் கட்டுவது என்பது. சத்தம் தெளியவில்லை என்பதை முன்னால் வைத்துப் போனால் தோற்பீர்கள். நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்பதற்காக இல்லை. மின்கம்பத்திலிருந்து உங்கள் சுவருக்குள் எத்தனையோ மீற்றர் சாதாரண வயரில் ஓடிவரும் கரண்ட், கடைசி ஒன்றரை மீற்றரில் விலை கூடிய வயரில் ஓடுவதால் ஸ்பீக்கரில் வேறு சத்தம் வராது. நல்ல தடிப்பும் இறுக்கமான தொடுகையும் எர்த்தும் இருந்தால் கேபிளின் வேலை முடிந்தது. ஆனால் கடைக்காரர் 'என் காதுக்குக் கேட்கிறது' என்பார், நீங்கள் 'கேட்கவில்லை' என்பீர்கள். காதுக்குக் காது வாதாடினால் விசாரிப்பவர் எதைப் பிடித்துத் தீர்ப்புச் சொல்வது?

கண்ணால் பார்க்கக்கூடியதைப் பிடியுங்கள். அந்தப் பிளக்கைத் திருப்பி அச்சடித்திருப்பதை வாசியுங்கள். தட்டைக் கால் பிளக் அமெரிக்க முறை. அவற்றில் வழக்கமாக 15 அம்பியர், 125 வோல்ட் என்று இருக்கும். எங்கள் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். இங்கே பாவிக்கும் 13 அம்பியர் சதுரக் கால் பிளக்குக்குள் பியூஸ் ஒன்று இருக்கிறது. அமெரிக்கப் பிளக்கில் அது இல்லை. அந்த 125 என்ற இலக்கம் உங்கள் பிளக்கிலும் இருந்தால், 230 வோல்ட் வீட்டுக்கென்று கேட்டவருக்கு அதை விற்றது தவறு என்று நிறுவ வேறு வாதமே தேவையில்லை. கிட்டத்தில் வைத்துத் தெளிவாகப் படம் எடுங்கள்.

இதைச் சட்டத்தில் எங்கே வைப்பது? 1896ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தில் 15ஆம் பிரிவு உண்டு. என்ன தேவைக்கு வாங்குகிறோம் என்று சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும் என்பது எழுதாமலே ஒப்பந்தத்தில் சேர்ந்துவிடும். இன்ன பிராண்ட் கேபிள் தாருங்கள் என்று நீங்களே பெயர் சொல்லிக் கேட்டிருந்தால் இந்தப் பிரிவு உங்களுக்கு உதவாது. நீங்கள் அப்படிக் கேட்கவில்லை, அவரே தெரிந்து தந்தார். முறைப்பாட்டில் இதைக் கட்டாயம் எழுதுங்கள்.

அப்புறம் அந்த வட்ஸ்அப் செய்தி. கரண்ட் ஏறி இறங்கினால் அம்பைக் காக்கும் என்பது 'சத்தம் நல்லா இருக்கும்' போன்ற புகழ்ச்சி இல்லை, பொருள் செய்யும் வேலையைப் பற்றிய கூற்று. வெறும் கேபிள் அந்த வேலையைச் செய்யாது, அதற்குத் தனிப் பாதுகாப்புக் கருவி வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு நுகர்வோரை ஏமாற்றும் நடத்தையையும், 31ஆம் பிரிவு பொருளைப் பற்றிய பொய்க் கூற்றையும் தடுக்கின்றன. செய்தியை அழிக்காமல், திகதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள். போன் செய்தி சாட்சியாகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இலத்திரனியல் பதிவுகளை ஏற்க 2006ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது.

பற்றுச்சீட்டின் அடிவரியைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. நல்ல சாமானை மனம் மாறித் திருப்பிக் கொடுப்பவருக்குத்தான் அது பொருந்தும். ஆபத்தான சாமானை விற்றவர் அதன் பின்னால் ஒளிய முடியாதபடி 1997ஆம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டமும் இருக்கிறது.

இதில் அவசரம் ஒன்றுதான்: நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி அதிகாரசபைக்கு முறைப்பாடு விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் போக வேண்டும். உங்களுக்கு இனி ஐந்து கிழமை சொச்சம்தான் இருக்கிறது. ஆகவே இந்தக் கிழமையே கடைக்காரருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள்: பணத்தை 7 நாளில் திருப்பித் தரவும், தவறினால் முறைப்பாடு செய்வேன் என்று. பதிலுக்காக அந்த 7 நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டாம். பற்றுச்சீட்டுப் பிரதி, படங்கள், கடிதப் பிரதி எல்லாவற்றையும் சேர்த்து கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) உள்ள நுகர்வோர் அலுவல்கள் பிரிவில் கொடுங்கள். 1977 என்ற இலக்கத்தில் விசாரிக்கலாம், ஆனால் போனில் சொன்னது எழுத்து முறைப்பாடு ஆகாது. இரு பக்கமும் கேட்ட பிறகு பணத்தைத் திருப்பவோ, பொருளை மாற்றவோ, நட்டஈடு தரவோ உத்தரவிட அதிகாரசபைக்கு அதிகாரம் உண்டு. கடைக்காரர் மேல் அதிகாரசபை நீதவான் நீதிமன்றத்தில் வழக்கும் போடலாம். ஆனால் அங்கே விதிக்கும் தண்டப்பணம் உங்கள் கைக்கு வராது. அதனால் முறைப்பாட்டில் பணத்தைத் திருப்பித் தரும்படி கேட்கிறேன் என்று தெளிவாக எழுதுங்கள்.

அம்பும் பழுதாகியிருந்தால் திருத்துபவரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். அந்த நட்டம் பெரிதென்றால் பிறகு மத்தியஸ்த சபைக்கும், அங்கே தீராவிட்டால் மாவட்ட நீதிமன்றத்துக்கும் போகலாம். 38,500 ரூபாவுக்கு மட்டும் நீதிமன்றம் போக நான் சொல்லமாட்டேன், செலவு மிஞ்சும்.

அதுவரை பாட்டுக் கேட்க வேண்டுமென்றால், எர்த் வயருடன், 13 அம்பியர் பிளக் பூட்டிய, 1 சதுர மில்லிமீற்றர் தடிப்புள்ள செம்புக் கேபிள் போதும். அம்பின் பின்னால் எழுதியிருக்கும் வோட்ஸை 230ஆல் பிரித்துப் பாருங்கள்: 460 வோட்ஸ் அம்புக்கும் 2 அம்பியர்தான் தேவை. பியூஸை மட்டும் அம்பின் கையேடு சொல்கிறபடி போடுங்கள். விறுவிறுப்பு அதற்குப் பிறகும் நிற்கவில்லை என்றால் பழுது உங்கள் வீட்டு வயரிங்கில் இருக்கலாம். ஓர் எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த்தையும் ட்ரிப் சுவிட்சையும் பார்க்கச் சொல்லுங்கள், அவர் கண்டதையும் எழுதி வாங்கி வையுங்கள். வயரிங்கில்தான் பிழை என்று கடைக்காரர் சொல்ல வந்தால் அந்தத் தாள் தேவைப்படும்.