மாட்டின் எதிர்ப்பு சக்தி ஜீன்கள் நம்முடையதைப் போலத்தானா?

மயிலாப்பூரில் குப்பையை மேயும் மாட்டுக்கு ஒன்றும் ஆவதில்லையே, அதன் எதிர்ப்பு சக்தி ஜீன்களே வேறா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றும் ஆவதில்லை என்பது தவறு. 2019-ல் வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் ஒரு மாட்டின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக் எடுத்தார்கள். பிளாஸ்டிக்கிடம் எந்த ஜீனும் பலிக்காது.

சரி, ஜீனுக்கு வருவோம். கிருமியின் துணுக்கை எதிர்ப்பு அணுக்களுக்குக் காட்டிக்கொடுக்கும் எம்.ஹெச்.சி. ஜீன்கள் நமக்கு 6-ஆம் குரோமோசோமில் இருக்கின்றன. அதில் இரண்டாம் வகை ஜீன்கள் ஒரே தெருவின் வீடுகள் மாதிரி அடுத்தடுத்து நிற்கும். மாட்டில் இவை 23-ஆம் குரோமோசோமில், தூரத் தூரமாக இரண்டு கொத்துகளாக இருக்கின்றன. முன்னொரு காலத்தில் குரோமோசோமின் ஒரு நீளத் துண்டு அறுந்து, தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொண்டதுதான் காரணம். செம்மறியாட்டிலும் இதே பிளவு இருக்கிறது. ஆக, மாடும் ஆடும் தனித்தனி வழி போவதற்கு முன்பே இது நடந்துவிட்டது. இந்த இரண்டாம் வகையில், மனிதரிடம் உள்ள டி.பி. (DP) என்ற ஜீன்கள் மாட்டில் இல்லை. பதிலுக்கு அசைபோடும் விலங்குகளுக்கே உரிய டி.ஒய். (DY) என்ற ஜீன்கள் உண்டு.

எனக்குப் பிடித்தது லைசோசைம் கதை. நம் கண்ணீரில் பாக்டீரியாவின் சுவரை உடைக்கும் அதே நொதிதான். நமக்கு அதற்கு ஒரே ஜீன். மாட்டில் அது பெருகி ஏறக்குறைய பத்தாகிவிட்டது. அவற்றில் சில நாலாவது வயிற்றில், அமிலத்திலும் தாக்குப்பிடித்து வேலை செய்கின்றன. முதல் வயிற்றில் வைக்கோலை நொதிக்க வைத்த பாக்டீரியாக்கள் அங்கே வந்து சேரும்போது, அவற்றையே உடைத்துப் புரதமாக்கிக்கொள்கிறது மாடு. காவல்காரனைச் சமையலறைக்கு மாற்றிய கதை!