பால் வெட்டும் கோணம்

அன்புள்ள அக்கா,

பள்ளி விடுமுறையில் மகளைக் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்துக்கு அழைத்துப் போனேன். நடுப்பாலத்தில் நின்றுகொண்டு, "காத்துல ரெண்டு கோபுரமும் ஆடுனா பாலம் உடையாதாப்பா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அறிவியலை எளிமையாகச் சொல்லும் தமிழ் நூல்கள் இருந்தால் சொல்லுங்கள். என் அம்மா சுங்கை பட்டாணி பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க வெறும் மரம் வெட்டியவர். பிள்ளைகளுக்குச் சொல்லித்தர நம் வீடுகளில் அறிவியல் எங்கே இருந்தது?

க., கெப்போங்

அன்புள்ள தம்பி,

பாலத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 41, 42ஆம் மாடிகளில் இருக்கும் அது கோபுரங்களோடு இறுக்கிப் பிணைக்கப்படவில்லை. 29ஆம் மாடியிலிருந்து சாய்ந்து எழும் கால்கள் அதை நடுவில் தாங்குகின்றன. கோபுரங்கள் அசையும்போது இரு முனைகளும் நழுவ இடம் விட்டிருக்கிறார்கள். அதனால் உடையாது. நூல் பட்டியல் நான் தரப்போவதில்லை. மகளை நூலகத்தில் விடுங்கள், அவளே எடுப்பாள்.

உங்கள் கடைசி இரண்டு வரிகளுக்குத்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாகவே இது என் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. 'வெறும்' மரம் வெட்டியவரா? எழுதும்போது கை கூசவில்லையா உங்களுக்கு?

பால் மரத்தின், அதாவது ரப்பர் மரத்தின், பட்டைக்குள் கேம்பியம் என்றொரு மெல்லிய வளர்படலம் உண்டு. பால் ஓடும் நுண்குழாய்கள் அதை ஒட்டிய உட்பட்டையில்தான் நெருக்கமாக இருக்கின்றன. எனவே கத்தி ஆழமாகப் போகவேண்டும், ஆனால் படலத்தைத் தொடக்கூடாது. நடுவில் விடவேண்டியது ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். பட்டுவிட்டால் காயம் முண்டுமுண்டாக வீங்கிவிடும், பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. படாவிட்டால் பட்டை மறுபடி வளர்ந்து, சில ஆண்டுகளில் அதே இடம் திரும்பவும் பால் தரும். நூற்றுக்கணக்கான மரங்களில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடியில் இதைச் செய்தார்கள்.

ஏன் இருட்டில்? இரவில் இலைகள் அதிகம் நீர் இழப்பதில்லை. குழாய்களில் அழுத்தம் விடியலுக்கு முன்தான் உச்சத்தில் இருக்கும், வெட்டியதும் பால் பீறிட்டு வரும். வெயில் ஏறினால் இலை நீரை இழக்கும், அழுத்தம் இறங்கும், பால் ஏந்தும் மங்கு நிறையாது.

வெட்டு ஏன் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்கிறது? அந்தக் குழாய்கள் செங்குத்தாக நிற்பவை அல்ல. மேலே போகப்போகச் சில பாகை வலப்பக்கம் சாய்கின்றன. இடமிருந்து வலமாக 30 பாகை அளவில் இறக்கி வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும். மாற்றிச் சாய்த்தால் அதே உழைப்புக்குப் பால் குறையும்.

ஒரே வெட்டைத் திரும்பத் திரும்பச் சீவினாலும் மரம் சாகாது என்று காட்டியவர் ரிட்லி, 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்துக்குப் பொறுப்பேற்றவர். அவரைப் படிக்கிறோம், படிக்கவேண்டியதுதான். அவர் காட்டியதை நாடு முழுக்க மரத்துக்கு மரம் நடத்திக் காட்டிய கைகளில் உங்கள் அம்மாவின் கையும் ஒன்று.

என் அம்மாவும் சிலாங்கூரில் பால் வெட்டியவர்தான். புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அழுத்தாதம்மா, இழு. கத்தி மரத்தத் தொட்டா கையிலயே தெரியும்" என்று சொல்லிக்கொடுத்தது எனக்கு நினைவிருக்கிறது. குழாய்களின் சாய்வு அம்மாவுக்குத் தெரியும் என்று நான் பொய்ப் பெருமை பேசமாட்டேன். தெரியாது. காரணத்தை அவருக்கு யாரும் சொல்லவில்லை. தோட்டத்துக் கணக்கரான கிராணி வந்து பாலை எடைபோட்டார், பெயரைப் பதிந்தார், போனார். தோட்டத்தில் இதைவிடப் பெரிய அநியாயம் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் அம்மா உங்களோடு இருக்கிறார்களா? இருந்தால் பேத்தியைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். ஒரு வாழைத்தண்டையும் கத்தியையும் கொடுத்து, வெட்டு எப்படிப் போடுவார் என்று காட்டச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் சாய்ப்பது, எங்கே நிறுத்துவது என்பதை மகள் பாட்டியிடம் கேட்கட்டும். காரணம் மேலே எழுதியிருக்கிறேன். அதை நீங்கள் இரண்டு பேருக்கும் சொல்லுங்கள், முதலில் அம்மாவுக்கு.