இங்கிலாந்தின் கிறிஸ்தவ ஆரம்பப் பள்ளிகளில் டிசைன் அண்ட் டெக்னாலஜி என்றால் பைபிள் கதைக்குப் பொம்மை செய்வதுதானா?

இல்லவே இல்லை. அங்கே உள்ளாட்சி மன்றத்தின் கீழ் நடக்கும் சர்ச் பள்ளிகளும் தேசியப் பாடத்திட்டத்தைத்தான் நடத்த வேண்டும், அதில் இந்தப் பாடம் 1990 முதல் இருக்கிறது. வடிவமைப்பது, செய்வது, செய்ததைச் சோதித்துத் திருத்துவது, கூடவே கொஞ்சம் சமையல். சிறியவர்களுக்கு நெம்புகோல், சக்கரம், அச்சு; 7 வயதுக்கு மேல் பல்சக்கரம், கப்பி, மின்சுற்று.

சரி, பைபிள் எங்கே வருகிறது? அதன் யாத்திராகமம் என்ற நூலின் 31-ம் அதிகாரத்தில் பெசலெயேல் என்ற கைவினைஞர் தேவ ஆவியால் நிரப்பப்பட்டது பிரசங்கம் செய்ய அல்ல, பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலை செய்ய. கைவேலை மட்டமானது இல்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் பெருவெள்ளத்தில் தப்பிக்க நோவா கட்டிய கப்பலான பேழைக்கு வண்ணம் தீட்டியதோடு நிறுத்தினால் அது ஓவிய வகுப்புதான். அதே பேழையின் 300, 50, 30 முழ அளவை சென்டிமீட்டருக்குச் சுருக்கி, அட்டையில் செய்து, தண்ணீரில் விட்டு, எத்தனை கோலிக்குண்டு வைத்தால் சாய்கிறது, அட்டை ஊறாமலிருக்க எதைப் பூசலாம் என்று அவர்களே மண்டையை உடைத்துக்கொள்ளட்டும், அப்போதுதான் இந்தப் பாடம் தொடங்குகிறது.

அப்புறம், யாருக்காகச் செய்கிறோம் என்பது மிக முக்கியம். தேவாலயத்துக்கு வரும் முதியவர்களுக்கு ஏதாவது செய்வதென்றால், முதலில் அவர்களிடமே போய் என்ன வேண்டுமென்று கேட்கச் சொல்லுங்கள்.